பழைய பாய்ப்படகும் நீர் நுழையும் வழிகளும்

பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்க வருகிறவர் முதலில் குனிந்து அதன் அடிப்பகுதியைத்தான் பார்ப்பார். நீர் கீழிருந்துதான் வரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் முப்பது, நாற்பது ஆண்டு பழைய ஃபைபர் (கண்ணாடி இழை) படகுகளைக் கெடுப்பது பெரும்பாலும் மேலிருந்து இறங்கும் நீர்தான். மேல்தளத்தில் ஒரு கிளீட்டையோ (கயிற்றைப் பிடித்துநிறுத்தும் பொருத்தி) கப்பியையோ பிடித்திருக்கும் திருகாணியின் பக்கத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும். அதன் வழியாக மழைநீர் இறங்கி, இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே வைக்கப்பட்டிருக்கும் பிளைவுட்டையோ பால்சா மரத்தையோ அடைந்து, வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடும். கண்ணாடி இழை மக்காது என்பது உண்மை. அதற்குள் இருக்கும் மரம் மக்கும். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு உப்பு நீரைவிட நன்னீரே உகந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும் சென்னையில், படகு கரையில் சும்மா நிற்கும் மாதங்களிலேயே அதிகம் கெடுகிறது. ஆகவே பராமரிப்பு என்பது நீர் எந்த வழியாக நுழைகிறது, எங்கே தேங்குகிறது என்று தேடி அடைக்கும் வேலை; பெயிண்ட் அடிப்பது அதற்குப் பிறகுதான்.

இங்கே சொல்லப்படுவது நான்கு முதல் ஆறு மீட்டர் நீளமுள்ள, தள்ளுவண்டியில் ஏற்றிக் கரையில் வைக்கக்கூடிய படகுகளுக்குப் பொருந்தும். சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்துக்குள் இயங்கி வருவதால், பாய்ப்படகு இந்த நகரத்துக்குப் புதிதன்று. ஜாக் ஹோல்ட் 1956இல் வடிவமைத்த, 4.04 மீட்டர் நீளமுள்ள எண்டர்பிரைஸ் போன்ற படகுகள் இந்தியக் கிளப்புகளில் நெடுங்காலம் ஓடியவை. அவற்றுள் முழுதும் பிளைவுட்டால் ஆனவையும் உண்டு. ஃபைபர் உடலின் மேல் மரத் தளம் போட்டவையும் உண்டு. உங்கள் படகு எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உட்புறத்தில் ஓர் ஓரமாக உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பார்த்தாலே அது மரமா, ஃபைபரா என்பது தெரிந்துவிடும்.

வேலைக்கு ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகையில், கலந்தால் இறுகிக் கெட்டியாகும் பிசினான ரெசின் வேலை எதையும் தொடங்கக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் ரெசின் கலக்கும் கிண்ணத்திலேயே இறுகிவிடும். தை மாதத்திலும் ஓர் இடர் உண்டு. விடியற்காலையில் பனி இறங்கி, படகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்திருக்கும். கையால் தடவினால் காய்ந்தது போலவே தோன்றும். வெயில் ஏறி, படகின் மேல்புறம் தொட்டால் இளஞ்சூடாக உணரப்பட்ட பிறகே ஒட்டும் வேலையைத் தொடங்க வேண்டும். எனவே காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவரும் முன் முடித்துவிடுவது என்று வைத்துக்கொள்வது நல்லது.

தட்டிக் கேட்பது

திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியோ ஐந்து ரூபாய் நாணயமோ இதற்குப் போதும். மேல்தளம் முழுவதையும் இரண்டு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். அடுக்குகள் நன்றாகப் பிடித்திருக்கும் இடத்தில் ஒலி கணீரென்று கூர்மையாக இருக்கும். உள்ளே மரம் ஊறியிருந்தாலோ அடுக்குகள் பிரிந்திருந்தாலோ பொத்தென்று மழுங்கிக் கேட்கும். தேங்காய் வாங்கத் தெரிந்த காதுக்கு இந்த வேறுபாடு அரை மணி நேரத்தில் பழகிவிடும். ஒலி மாறும் இடங்களையெல்லாம் சாக்பீஸால் கோடிட்டுக்கொண்டே வந்தால், கடைசியில் தளத்தின் மேல் ஒரு வரைபடம் உருவாகும். அந்த வரைபடத்தின் நடுவே பெரும்பாலும் ஒரு திருகாணி இருக்கும். பாய்மரத்தின் அடி, பாய்மரத்தை இருபுறமும் தாங்கும் கம்பிகள் வந்து சேரும் செயின்பிளேட் தகடுகள், சுக்கான் தொங்கும் கீல்கள், படகின் அடியில் நீருக்குள் இறக்கும் நடுப்பலகை செல்லும் பெட்டியின் மேல்விளிம்பு ஆகிய நான்கு இடங்களையும் இருமுறை தட்டிப் பாருங்கள்.

ஒரு திருகாணியைக் கழற்றும்போது துளையிலிருந்து டீ நிறத்தில் நீர் கசிந்தால், உள்ளே மரம் மக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஃபைபரின் வெளிப்புறத்தில் உள்ள ஜெல்கோட் பூச்சில் ஒரு போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் போல் மெல்லிய விரிசல்கள் ஓடியிருந்தால், அந்த இடம் சுமை தாங்காமல் வளைகிறது என்று பொருள். விரிசலை மட்டும் புட்டி வைத்து மூடினால் அடுத்த பருவத்தில் அதே இடத்தில் அது மறுபடியும் தோன்றும். அடியில் தக்க பருமனுள்ள தகடு ஒன்றை வைத்துச் சுமையைப் பரப்பிய பிறகே விரிசலை நிரப்ப வேண்டும்.

ஒரு துளையைச் சரியாக மூடுவது

இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வேலையை மட்டும் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். மேல்தளத்தில் உள்ள ஒவ்வொரு பொருத்தியையும் கழற்றி, துளைகளைச் சீர்செய்து, மறுபடி பொருத்துவது இரண்டு மூன்று வாரக் கடைசிகளில் முடியக்கூடிய வேலை, செலவும் அதிகமில்லை.

கிளீட்டைக் கழற்றிய பின், துளையைச் சுற்றியுள்ள பழைய பசையை முற்றிலும் சுரண்டி எடுங்கள். அங்கே முன்பு யாரேனும் சிலிக்கான் பூசியிருந்தால் இந்த இடம் மிகுந்த பொறுமையைக் கேட்கும். சிலிக்கான் விட்டுச் செல்லும் படலத்தின் மேல் எபாக்சி ரெசினும் ஒட்டாது, பெயிண்டும் ஒட்டாது, புதிய சிலிக்கானும் சரியாகப் பிடிக்காது. நான் வாங்கிய படகில் ஏறத்தாழ எல்லாத் துளைகளிலும் குளியலறைச் சிலிக்கானே பூசப்பட்டிருந்தது. அதை அகற்றுவதற்கு ஆன நேரம் மற்ற எல்லா வேலைகளுக்கும் ஆன நேரத்தைவிட அதிகம். கத்தியால் சுரண்டிய பிறகு, மேற்பரப்பையே உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதுதான் உறுதியான வழி.

அடுத்து, நடுவில் மரம் உள்ள தளமானால், 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 அல்லது 12 மில்லிமீட்டர் துளையாக அதைப் பெரிதாக்குங்கள். வெளிவரும் மரத்தூள் ஈரமாக இருந்தால் துளையைத் திறந்தபடியே பல நாள் காயவிடுங்கள்; தூள் காய்ந்து வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு துளையின் அடிப்புறத்தில் நாடா ஒட்டி அடைத்து, முதலில் தூள் கலக்காத எபாக்சியைத் துளையின் உட்சுவரில் தூரிகையால் தடவி, அதன் பின் சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியால் துளையை முழுவதும் நிரப்புங்கள். அது நன்றாக இறுகியதும், நடுவில் 6 மில்லிமீட்டர் துளை இடுங்கள். இப்போது போல்ட் எபாக்சிக் குழாய் ஒன்றின் வழியாகவே செல்கிறது. மேல் பூச்சு என்றாவது கசிந்தாலும் நீர் மரத்தைத் தொடாது.

துளையின் மேல்விளிம்பைச் சற்றே அகலமாகச் செதுக்கிவிட்டால், பசைக்கு ஒரு சிறு பள்ளம் கிடைக்கும். அங்கே வளையம் போல் படியும் பசையே உண்மையில் நீரைத் தடுக்கிறது. பசையாகப் பியூட்டைல் நாடாவையோ பாலிசல்ஃபைடையோ பயன்படுத்தலாம். பியூட்டைல் நாடா கார் முகவிளக்கு, கூரைத் தகடு வேலைகளுக்காக விற்கப்படுவதால், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உள்ள கார் உதிரிபாகக் கடைகளில் விசாரிக்கலாம். பாலிசல்ஃபைடு தண்ணீர்த் தொட்டிகளின் இணைப்புகளை அடைக்கப் பயன்படுவதால், கட்டுமானப் பொருட்கள் விற்பவர்களிடம் கிடைக்கும். பாலியூரித்தேன் பசை மிக வலுவானது. பிற்காலத்தில் கழற்றவே தேவையில்லாத இணைப்புகளுக்கு மட்டுமே அது ஏற்றது. போல்ட்டை முடுக்கும்போது அதன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, அடியில் உள்ள நட்டை மட்டும் திருகுங்கள். தலை சுழன்றால் பசை வளையம் அறுந்துவிடும்.

போல்ட் வாங்கும்போது துருப்பிடிக்காத எஃகு என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது. கடைகளில் 202, 304, 316 என்று பல ரகங்கள் உள்ளன. பாத்திரங்களுக்கும் கைப்பிடிக் கம்பிகளுக்கும் பயன்படும் 202 கடற்காற்றில் விரைவில் துருவேறும். 316இல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை அது நன்றாகத் தாங்குகிறது. காந்தம் வைத்துப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது என்பதால், பாரிமுனையில் தரச்சான்றோடு விற்கும் கடையில் 316 என்று கேட்டு வாங்குங்கள். இந்த எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காற்றில் உள்ள ஆக்சிஜன் தேவை. காற்றுப் புகாமல் ஈரத்தில் மூடிக் கிடக்கும் இடத்தில் நல்ல எஃகும் உள்ளுக்குள் அரித்துப்போகும். செயின்பிளேட்டுகள் தளத்தின் தடிமனுக்குள் மறைந்திருக்கும் பகுதியில் அறுவது இதனால்தான். பத்து ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றை வெளியே இழுத்து, பூதக்கண்ணாடியால் பார்ப்பது அவசியம்.

ரெசினும் சென்னை வெயிலும்

உடலில் ஓட்டை விழுந்திருந்தாலோ அடுக்கு பிரிந்திருந்தாலோ ஃபைபர் வேலை தேவைப்படும். அதற்கு முன் ஒரு நாள் காசிமேட்டுக்குச் சென்று, மீனவர்களின் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்க்கிறவர்கள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு வாருங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவில் ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டதால், அந்தக் கைத்திறன் அங்கே நிறைந்திருக்கிறது. மேட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்பை ரெசினில் நனைத்து, அதிலுள்ள காற்றுக்குமிழிகளை ரோலரால் விரட்டும் வேகத்தை எழுத்தில் கற்பிக்க முடியாது. கேட்டால் மனமுவந்து சொல்லித் தருவார்கள்.

பாலியெஸ்டர் ரெசின், எபாக்சி இரண்டில் எதை எடுப்பது என்பதில் எனக்கு ஒரு நிலையான கருத்து உண்டு. பழைய ஃபைபரின் மேல் புதிய பாலியெஸ்டர் ஓரளவுக்கே ஒட்டும். எபாக்சி உறுதியாக ஒட்டும். எனவே சுமை தாங்கும் இடங்களில் எபாக்சியே நல்லது. ஆனால் எபாக்சி வைத்த இடத்தின் மேல் பாலியெஸ்டரோ ஜெல்கோட்டோ சரியாகப் பிடிக்காது. அங்கே இருகலவைப் பாலியூரித்தேன் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். மேலும், சிறு இழைத் துண்டுகளை அழுத்திச் செய்த சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் கரையும், எபாக்சியில் கரையாது. எபாக்சியோடு நெய்த கண்ணாடி இழைத் துணியைப் பயன்படுத்துங்கள்.

பழுதான பகுதியை வெட்டி எடுத்த பின், ஓரங்களைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிமனைப் போல் பன்னிரண்டு மடங்கு அகலம் என்பது கணக்கு. 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு 36 மில்லிமீட்டர் சரிவு. தேய்க்கும் முன்பே அசிட்டோன் நனைத்த துணியால் பழைய மெழுகைத் துடைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் உப்புத்தாள் மெழுகைக் கீறல்களுக்குள் தேய்த்து அமுக்கிவிடும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் தரும் என்று வைத்து அடுக்குகளை எண்ணிக்கொள்ளலாம்.

பாலியெஸ்டர் ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் பொதுவாக எடையில் 1 முதல் 2 சதவீதம். சென்னையில் 1 சதவீதத்தை ஒட்டியே நில்லுங்கள். 100 கிராம் ரெசினுக்கு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர். ஊசியில்லாத சிரிஞ்சால் அளப்பது துல்லியமாக இருக்கும். இறுகும் நேரத்தைக் கூட்டுவதற்காக அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் ஒருபோதும் முழுமையாக இறுகாது. எபாக்சியில் இந்தச் சலுகையே கிடையாது. தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தை இம்மியும் மாற்றக் கூடாது. வெப்பத்துக்கு ஏற்பக் கலக்கும் அளவைக் குறைக்கலாம், அவ்வளவுதான். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். கலந்ததை ஆழமான டப்பாவில் விட்டால் தன் சூட்டிலேயே புகைந்துவிடும். அகலமான தட்டில் ஊற்றிவைத்தால் சற்று நேரம் தாங்கும். ஈரப்பதம் மிகுந்த நாளில் இறுகிய எபாக்சியின் மேல் மெழுகு போன்ற வழவழப்பு படியும். அதை உப்புத்தாளால் தேய்க்கும் முன், நல்ல தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவி எடுக்க வேண்டும்.

இனி வருவது உயிரோடு தொடர்புடையது. பாலியெஸ்டர் ரெசினோடு சில கடைகளில் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் கரைசலையும் ஹார்டனரையும் தனித்தனிப் புட்டிகளில் தருவார்கள். அவை இரண்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினாகக் கேட்டு வாங்குவது இன்னும் பாதுகாப்பானது. ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும்; பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் பதினைந்து நிமிடமாவது ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். துணி முகக்கவசம் ரெசின் ஆவியைத் தடுக்காது. கரைப்பான் ஆவிக்கான வடிகட்டி பொருத்திய கவசமே வேண்டும். முழுக்கைச் சட்டை அணியாமல் ஃபைபரைத் தேய்த்தால், அரிப்பு இரண்டு நாள் உறங்கவிடாது.

மிதவை அறைகள்

சிறு படகு கவிழ்ந்தால் அதை மிதக்க வைப்பது இருபுறமும் உள்ள காற்றறைகளே. அவற்றின் மூடிகளில் உள்ள ரப்பர் வளையங்கள் சென்னை வெயிலில் வெடித்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அறை கசிகிறதா என்று பார்க்க, மூடிகளை இறுக்கி, வடிகால் துளையில் குழாய் பொருத்தி, வாயால் மட்டும் ஊதி, இணைப்புகளில் சோப்புநீர் தடவுங்கள். குமிழி வரும் இடமே கசியும் இடம். பஞ்சர் கடை கம்ப்ரசரை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்; ஒட்டிய பலகைகள் பிளந்துவிடும். படகு கரையில் நிற்கும்போது இந்த மூடிகளும் வடிகால் தக்கைகளும் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.

பாய்மரமும் கம்பியும்

அலுமினியப் பாய்மரத்தில் எஃகுத் திருகாணி நேரடியாகப் பட்டால், உப்பு ஈரத்தில் அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகும். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி, குரோமேட் பசை தடவிப் பொருத்தினால் இது வெகுவாகக் குறையும். தாங்குகம்பிகளைப் பார்க்க, பஞ்சுத் துணியால் மேலிருந்து கீழாக மெல்லத் துடைத்துக்கொண்டே வாருங்கள். துணி சிக்கும் இடத்தில் ஓர் இழை அறுந்திருக்கிறது. ஓர் இழை அறுந்தாலும் கம்பியை மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. கம்பி முனைகளை அழுத்திப் பிடித்திருக்கும் குழாய்களின் வாய்ப்பகுதியில் துருக்கோடு தெரிந்தாலும் அப்படியே. கப்பிகளுக்கு எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் மணல் ஒட்டித் தேய்க்கும். நல்ல தண்ணீரே அவற்றுக்கு மருந்து.

பாயில் முதலில் போவது துணியன்று, தையல்நூல். நகத்தால் தையலை நெருடிப் பார்த்து, நூல் பொடிந்தால் அந்த வரிசை முழுவதையும் மறுபடி தைக்கக் கொடுங்கள். கூடாரம், தார்ப்பாய் தைப்பவர்களிடம் தடித்த துணிக்கான இயந்திரம் இருக்கும். பாலியெஸ்டர் நூல் என்று வற்புறுத்திச் சொல்லுங்கள். கயிறுகளை நன்னீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை முனை மாற்றிக் கட்டினால் இரட்டிப்புக் காலம் உழைக்கும்.

மழைக்கு முன்

புரட்டாசி முடிவதற்குள் பாய்மரத்தைச் சாய்த்து இறக்கிவிடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தபோது நகரின் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அணியம் (படகின் முன்பகுதி) சற்று உயர்ந்து, பின்புற வடிகால் தாழ்ந்திருக்கும்படி தள்ளுவண்டியை நிறுத்துங்கள். தார்ப்பாயைப் படகின் மேல் ஒட்டினாற்போல் இழுத்துக் கட்டாமல், நடுவில் ஒரு மூங்கிலை நீளவாக்கில் வைத்து, கூரை போல் இருபுறமும் சரியவிட்டு, காற்று புகுந்து வெளியேற இரு முனைகளிலும் இடைவெளி விடுங்கள். படகையும் வண்டியையும் சேர்த்துத் தரையில் உறுதியாக அடித்த முளைகளில் கட்டுங்கள்.

முதல் பெருமழை ஓய்ந்த மறுநாள் காலையில், டார்ச் விளக்கும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு படகுக்குச் செல்லுங்கள். தார்ப்பாயை விலக்கி, மேல்தளத்தின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, உள்ளே தலையை நுழைத்துத் தளத்தின் அடிப்புறத்தைப் பாருங்கள். எந்தப் போல்ட்டின் நுனியில் ஒரு துளி திரண்டு தொங்குகிறதோ, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். தை மாதத்தில் கழற்ற வேண்டியவை அவைதாம்.